எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஊட்டத்தைத் தேடிய ஒரு வாழ்வு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், அது கிண்ணியாவாயினும் மூதூராயினும் குச்சவெளியாயினும், கருவுற்ற பெண்ணொருத்தி முதன்முதலாகத் தாய் சேய் நல நிலையத்துக்குச் செல்லும்போது அவள் கையில் ஒரு சிறு குளிகை கொடுக்கப்படுகின்றது. போலிக் அமிலம் என்பது அதன் பெயர். இதே மாவட்டத்திலிருந்து குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மகரகம வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் பஸ் ஏறும் பெற்றோரும் உள்ளனர். அப்பிள்ளைகளுக்கு வழங்கப்படும் மருந்துகளுள் முக்கியமான ஒன்று மெதோட்ரெக்சேற். முதலாவது மருந்து கலங்களை வளரச் செய்வது. இரண்டாவது மருந்து அவ்வளர்ச்சியைத் தடுப்பது. எதிரெதிரான இவ்விரண்டும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மனிதரின் வழிகாட்டலில், மூன்று நான்கு ஆண்டு இடைவெளிக்குள் உருவானவை என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அம்மனிதர் சென்னையில் கற்றுத் தேறிய தெலுங்கர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

குருத்தணுச் சிகிச்சை, ஸ்டெம் செல் சிகிச்சை என்னும் சொற்கள் இன்று விளம்பரங்களிலும் செய்திகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. உடலுக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் அணுக்களை வளர்த்தெடுக்க எத்தகைய ஊட்டம் வேண்டும் என்பதே அத்துறையின் அடிப்படைக் கேள்வி. அக்கேள்விக்கான விடையின் முதற் பகுதி, குருத்தணு என்ற சொல்லே பொதுமக்கள் காதில் விழாத காலத்தில் எழுதப்பட்டது. அதை எழுதியவர்களுள் ஒருவராகவே சுப்பாராவை நாம் இங்கு நினைவுகூர்கின்றோம்.

அவர் பிறந்தது 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில். படிப்பில் தொடக்கத்திலேயே மின்னிய பிள்ளையல்லர். மெட்ரிகுலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்தே தேறினார். சிறு வயதில் வீட்டை விட்டு ஓடிக் காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கப் புறப்பட்டார் என்றும் அவரது வரலாற்றில் சொல்லப்படுவதுண்டு. பின்னர் துறவு பூண வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கி இராமகிருஷ்ண மடத்தை நாடினார். அங்கிருந்தோர் மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யும்படி அவரைத் திருப்பியனுப்பினர். மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி என வழி திரும்பியது. 1919இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் உதவியே படிப்பைத் தாங்கியது.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம் அது. சுப்பாராவ் கதராலான அறுவைச் சிகிச்சை அங்கி அணிந்து வகுப்புக்குச் சென்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்கு செய்திருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. ஓர் அங்கிக்குக் கொடுத்த விலை அது. அதன் பலனாகச் சென்னை மருத்துவ சேவையிலும் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் விரிவுரையாளரானார். நிலாவெளி சாலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பயிலும் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டு மருத்துவ வரலாற்றையே திருப்பிய ஒருவர், சுதேச மருத்துவக் கல்லூரியொன்றின் ஆசிரியர் குழாத்திலிருந்து புறப்பட்டவர்.

அவர் அங்கு சென்று சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ எனப்படும் நோய். ஓயாத வயிற்றோட்டம், புண்பட்டுச் சிவந்த நாக்கு, உண்டது உடலில் ஒட்டாமை, அதனைத் தொடரும் குருதிச்சோகை, இறுதியில் எலும்பும் தோலுமாக உருக்குலைதல் என்பன அதன் அறிகுறிகள். ஐரோப்பிய மருத்துவர்கள் இந்நோயை இலங்கை வாய்ப்புண் என்ற பெயராலும் அழைத்துவந்தனர். நம் தீவில் இதனை ஆராய்வதற்கென்றே பிலிப் பார் என்ற ஆங்கில மருத்துவர் 1912 முதல் 1914 வரை இங்கு தங்கியிருந்து விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். ஆயினும் காரணமும் தெளிவாகவில்லை, மருந்தும் கிட்டவில்லை. அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் தேறினார். சகோதரர்களைக் கொன்று தன்னை மட்டும் விட்டுச்சென்ற நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவரைக் கடல் கடக்க வைத்தது.

1920களின் முற்பகுதியில் அவர் பொஸ்டன் நகரை அடைந்தார். மாமனாரும் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் தந்த உதவி பயணத்துக்கே சரியாயிற்று. கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டு வந்திருந்தார். சென்னையிற் பெற்ற குறைத்தகுதி அமெரிக்காவிலும் அவரைத் துரத்தியது. மருத்துவராகச் சம்பளம் பெறும் வாய்ப்பு இல்லாமற் போனதால், வைத்தியசாலையொன்றில் இரவுநேர ஊழியராக நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் ஹார்வார்டில் வெப்பமண்டல மருத்துவம் கற்றார். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்திருந்த காலம் அது. ஊரில் பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறையுமுன்பே நோயுற்று இறந்தது. தந்தை மகனைக் கண்டதேயில்லை.

ஹார்வார்ட் மருத்துவப் பள்ளியின் உயிர் இரசாயனப் பிரிவில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் கீழ் அவர் சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக உயிர் இரசாயன மாணவர்கள் அதைக் கற்றிருக்கின்றனர். அம்முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927இல் பொசுபோகிரியேற்றின் கண்டுபிடிப்பையும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் சக்திப் பொருளையும் அறிவித்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டறிந்தார். தசை இயங்குவது எவ்வாறு என்ற விளக்கத்துக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஆர்ச்சிபோல்ட் ஹில்லுக்கும் ஓட்டோ மெயர்ஹோப்புக்கும் வழங்கப்பட்டிருந்தது. லக்ரிக் அமிலத்தை மையமாகக் கொண்ட அவ்விளக்கம் இக்கண்டுபிடிப்புகளால் ஆட்டங்கண்டது.

இத்தனைக்கும் பின் ஹார்வார்ட் அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை. 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றும் பத்தாண்டுகள் இரண்டாம் நிலையிலேயே கழிந்தன. அக்காலத்தில் உடன் பணியாற்றியவரும் பின்னாளில் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளிவரவிடவில்லை என்றும், அவை பல ஆண்டுகளுக்குப் பின் பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்றும் தெரிவித்துள்ளார். தன்னை முன்னிறுத்திக்கொள்ளத் தெரியாத இயல்பு சுப்பாராவுக்கு இருந்தது என்பதும் உண்மையே. அதை அடக்கம் என்று போற்றுவோர் உளர். அவ்வடக்கத்தால் நட்டமடைந்தது அவர் மட்டுமல்ல என்பதே நமது கருத்து.

இனி அவரது தேடலின் மையத்துக்கு வருவோம். 1928 முதல் பம்பாயில், துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய கொடிய குருதிச்சோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து வந்தார். செங்குருதிக் கலங்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்துக் காணப்படும் நோய் அது. மதுவச் சாற்றிலிருந்து செய்யப்படும் மாமைட் என்ற மலிவான உணவுப்பண்டம் அதனைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931இல் அறிவித்தார். நம் நாட்டுச் சமையலறைகளில் இன்றும் இருக்கின்ற, வெந்நீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து குடிக்கின்ற அதே மாமைட்தான். 1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத் தொண்டர்கள் பட்டினியால் வாடியோருக்கு இதனைக் கொடுத்தனர். லூசி வில்ஸ் சிறிது காலம் சென்னை கோஷா வைத்தியசாலையிலும் பணிபுரிந்தார். சுப்பாராவ் பள்ளிப்படிப்பை முடித்த திருவல்லிக்கேணிப் பகுதியிலேயே அது உள்ளது. இருவரும் ஒரே பொருளைத் தேடினர், ஆனால் ஒருவர் வந்தபோது மற்றவர் போய்விட்டிருந்தார்.

மாமைட்டில் இருந்த அந்தப் பொருள் என்ன? ஈரலிலும் அது இருந்தது, கீரையிலும் இருந்தது. லக்ரோபசிலஸ் கசேயி என்னும் பற்றீரியா அப்பொருள் இல்லாவிடில் வளர மறுத்தது. எனவே அப்பற்றீரியாவின் வளர்ச்சியே அளவுகோலாயிற்று. ஒரு சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறில் பற்றீரியா செழிக்கின்றது எனப் பார்த்து, அதை மீண்டும் பிரித்து, மீண்டும் பார்த்து, தொன்கணக்கான ஈரலிலிருந்து சில மில்லிகிராம் தூய பொருளை அடையும் பொறுமையான வேலை அது. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு தொன் கீரையிலிருந்து அதைச் செறிவாக்கி, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

சுப்பாராவ் 1940இல் ஹார்வார்டை விட்டு நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுகூடத்தில் சேர்ந்து, விரைவிலேயே அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். உலகப் போர் மூண்டிருந்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது குண்டு வீசிய நாட்களில், உலகின் மறுகோடியில் அவர் கம்பனி நிருவாகத்தின் பொறுமையைச் சோதித்துக்கொண்டு ஈரல் சாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1943இல் அவரது குழுவைச் சேர்ந்த ரொபர்ட் ஸ்டோக்ஸ்டாட் தூய பளிங்குகளைப் பெற்றார். 1945இல் அதன் கட்டமைப்பை அறிந்து செயற்கையாகவே தயாரித்துவிட்டனர். தொன்கணக்கான ஈரல் இனித் தேவையில்லை. மலிவாகவும் வேண்டிய அளவிலும் கிடைக்கும் மருந்தாக அது மாறியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் டாக்டர் டொம் ஸ்பைஸ் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளருக்கு அதைக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து உண்ணத் தொடங்கினர். சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு சென்றிருந்தது.

போலிக் அமிலம் இல்லாவிடில் குருதி ஏன் கெடுகின்றது? நமது எலும்பு மச்சையில் உள்ள குருத்தணுக்கள் செக்கனுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்குருதிக் கலங்களைத் தோற்றுவித்தபடி உள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ. முழுமையாகப் படியெடுக்கப்பட வேண்டும். அதற்கான மூலப்பொருட்களை ஆக்குவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் கலம் பருத்துக்கொண்டே போகும், பிரிய முடியாது. கருவில் முள்ளந்தண்டு உருவாகும் முதல் வாரங்களிலும் இதே கதைதான். குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடு மறுபடியும் ஏற்படுவதைப் போலிக் அமிலம் ஏறத்தாழ முக்காற் பங்கு தடுக்கும் என்பதை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு நிறுவியது. நம் மருத்துவமாதர் கருவுறுமுன்பே இக்குளிகையைத் தொடங்கும்படி வற்புறுத்துவது இதனாற்றான்.

இதே விதியைப் புரட்டிப் பார்க்கும் துணிவும் அக்காலத்தில் பிறந்தது. பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் நோயியலாளர் சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு லெடர்லி அனுப்பிய போலிக் அமிலச் சேர்வைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைந்து முற்றுவதுபோல் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரானதைக் கொடுத்தால் என்ன? போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வேலையைச் செய்யாத போலிப் பொருட்களைச் சுப்பாராவின் குழுவினர் தயாரித்துத் தந்தனர். அவற்றுள் ஒன்றான அமினோப்ரெரின் கொடுக்கப்பட்ட 16 பிள்ளைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்தார். சில மாதங்களே நீடித்த வெற்றி அது. ஆயினும் பிள்ளைகளின் இக்குருதிப் புற்றுநோயை மருந்து இவ்வாறு அசைக்கும் என்பது அதற்கு முன் எவரும் காட்டாத ஒன்று. அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேற் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளது. பிற மருந்துகளோடு சேர்த்து முறையாகக் கொடுக்கப்படும் செல்வந்த நாடுகளில், சிறுவர் குருதிப் புற்றுநோயின் பெரும்பான்மை வகையில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கின்றனர்.

குருத்தணுச் சிகிச்சையின் ஒவ்வொரு படியிலும் இவ்விரு பொருட்களையும் நாம் சந்திக்கின்றோம். ஹாரி ஈகிள் என்பவர் 1950களில் மனித, விலங்குக் கலங்களைப் பாத்திரத்தில் வளர்க்கத் தேவையான ஊட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வகுத்த கரைசலில் போலிக் அமிலம் இடம்பெற்றது. இன்றைய வளர்ப்புக் கரைசல்களிலும் அது உண்டு. அமினோப்ரெரின் கலந்த தெரிவுக் கரைசலின் உதவியால்தான் 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகையான பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்தனர். மச்சையிலுள்ள கோடிக்கணக்கான கலங்களிடையே குருத்தணுக்களை இனங்கண்டு பிரித்தெடுக்க இன்று உதவுபவை அத்தகைய பிறபொருளெதிரிகளே. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக 1990இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தொமஸின் குழுவினர், பிறரது குருத்தணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஆபத்தைக் கட்டுப்படுத்த நம்பியிருந்த மருந்தும் மெதோட்ரெக்சேற் ஆகும்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாத்திரத்தில் கலங்களை வளர்ப்போர் ஈகிளின் கரைசல் மட்டும் போதாமல் நெடுங்காலமாகக் கன்றுக் கருவின் குருதிநீரையும் சேர்த்து வந்துள்ளனர். விலங்குப் பொருளை மனித சிகிச்சைக்குரிய கலங்களில் கலப்பதன் ஆபத்து கருதி, மனிதக் குருதித்தட்டுக்களைச் சிதைத்தெடுக்கும் சாறும் இப்போது பயன்படுகின்றது. இரண்டிலும் வளர்ச்சிக் காரணிகள் பல உள்ளன. ஆனால் எது எவ்வளவு உள்ளது என்பது ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும். சுப்பாராவ் கையிலெடுத்த ஈரல் சாற்றின் நிலையும் இதுவேயன்றோ? சாறு வேலை செய்கின்றது என்பதோடு அவர் நிற்கவில்லை. அதிலுள்ள எது வேலை செய்கின்றது என அறியும்வரை விடவில்லை. இந்தியாவில் 2017இல் வெளியான தேசிய வழிகாட்டு நெறிகள், குருதி சார்ந்த நோய்களுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர ஏனையவற்றை ஒழுங்கான மருத்துவச் சோதனைக்கு வெளியே வழங்கலாகாது என விதித்தன. அப்படியிருந்தும் மூட்டு வலி முதல் மூளை வளர்ச்சிக் குறைபாடு வரை எல்லாம் தீரும் என்ற விளம்பரங்கள் நம் கரைவரை வந்து சேருகின்றன. காணியை ஈடுவைத்துக் கடல் கடக்க எண்ணும் பெற்றோர், ஊசியில் ஏற்றப்படுவது எதில் வளர்க்கப்பட்டது, எங்கே சோதிக்கப்பட்டது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

லெடர்லியில் அவர் வழிநடத்திய பணி இத்தோடு முடியவில்லை. 1947இல் வெளிவந்த டையெதில்கார்பமசின் யானைக்கால் நோயைப் பரப்பும் நுண்புழுக்களை அழிக்கும் மருந்து. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோர மக்களுக்கு ஆண்டுதோறும் விநியோகிக்கப்பட்டது இதுவே. 2016இல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிய நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. அவரது நிறுவனத்தில் முதிய தாவரவியலாளரான பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஓரியோமைசின், டெட்ராசைக்கிளின் வகை நுண்ணுயிர்கொல்லிகளுள் முதலாவது. 1948 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டது.

அடுத்த மாதம், ஆகஸ்டில், பேர்ள் ரிவரில் உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெற்றிருக்கவில்லை. இந்தியா விடுதலையடைந்து ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. 1953இல் கழிவுநீர் வடிகட்டியொன்றில் கண்டெடுக்கப்பட்ட புதிய பூஞ்சைக்கு அவரது நினைவாகச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயர் சூட்டப்பட்டது. இந்திய அரசு முத்திரை வெளியிட்டது நூற்றாண்டு நிறைவான 1995இல். ஆந்திராவில் ஓர் இளம்பெண்ணாக அவரை வழியனுப்பிய சேஷகிரி, கணவரை அதன்பின் ஒருமுறையேனும் காணவில்லை.